ஜூலுலாந்து வேட்டை நிலத்துக்குத் தண்ணீர் செட்: எதை வாங்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்

மே மாதம் பிறந்ததும் தென்னாப்பிரிக்காவின் ஜூலுலாந்தில் புல் வெளுத்துவிடும். மழையில் நிறைந்து கிடந்த பள்ளங்கள் ஒவ்வொன்றாக வற்றி, அடியில் வெடித்த களிமண்தான் மிஞ்சும். வேட்டைக்காலம் தொடங்குவதும் அதே சமயம்தான். டர்பன், ஸ்டாங்கர், மாரிட்ஸ்பர்க் பக்கம் இருந்துகொண்டு ஹ்லுஹ்லுவே, ம்குஸே, பொங்கோலா வட்டாரத்தில் நிலம் வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ வைத்திருக்கும் நம்மவர்கள் அப்போது கேட்பது ஒன்றுதான்: நிலத்தில் மான் தங்க மாட்டேன் என்கிறது, எந்தத் தண்ணீர் செட் வாங்கிப் போடலாம்?

விவசாயப் பொருள் கடைகளில் இதை இப்போது ஒரே கட்டாக விற்கிறார்கள். போர்ஹோலுக்குள் (ஆழ்துளைக் கிணற்றுக்குள்) இறங்கும் சோலார் பம்ப், இரண்டு பேனல், 5,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, 32 மில்லி (மில்லிமீட்டர்) கறுப்புக் குழாய், ஒரு மிதவை வால்வு, கடைசியில் வார்ப்பு கான்கிரீட்டில் செய்த நீளமான குழுதாடி, அதாவது விலங்கு குடிக்கும் தொட்டி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பம்ப், தொட்டி, குழாய் மூன்றும் கொடுத்த காசுக்குத் தகும். வால்வையும் குழுதாடியையும் வாங்காதீர்கள். அவை மாட்டுப் பட்டிக்குச் செய்தவை, காட்டு விலங்குக்கு ஆகாது. பம்புக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, தண்ணீர் விலங்கின் வாயைத் தொடும் கடைசி இரண்டு மீட்டரில் கோட்டை விடுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கிற தவறு.

வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தண்ணீர் எல்லா விலங்கையும் ஒரே மாதிரி இழுக்காது. இம்பாலா, வரிக்குதிரை, வில்டபீஸ்ட், வாட்டர்பக், எருமை, வார்ட்ஹாக் என்ற காட்டுப்பன்றி இவை குடித்தே ஆகவேண்டிய கூட்டம். குடு, நியாலா, புஷ்பக், டைக்கர் என்ற மான் வகைகள், ஒட்டகச்சிவிங்கி இவை இலைதழையிலிருந்தே பெரும்பங்கு ஈரத்தை எடுத்துக்கொள்ளும். கிடைத்தால் குடிக்கும், கிடைக்காவிட்டால் சமாளிக்கும். நியாலாவை மட்டும் நம்பிக் குட்டை வெட்டினால் ஜனவரியில் அந்தப் பக்கம் ஒரு குளம்படிகூடப் பதியாது. மழை பெய்து காட்டுப் பள்ளங்கள் நிறைந்திருக்கும்போது யாரும் வரமாட்டார்கள். இந்த முதலீடு வேலை செய்வது மே முதல் அக்டோபரில் முதல் மழை விழும்வரை. இன்னொன்று: நிலத்தைச் சுற்றி 2.4 மீட்டர் உயர வேலி இருந்தால் பக்கத்து நிலத்து விலங்கு உள்ளே வரப்போவதில்லை. இருக்கிற விலங்கு எங்கே நிற்கும் என்பதைத்தான் தண்ணீர் மாற்றும். தாழ்ந்த மாட்டு வேலி என்றால் கதை வேறு.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

கடைக்காரர் சொல்லும் கணக்கை விட்டுவிட்டு நீங்களே போடுங்கள். ஒரு நாளைக்குத் தோராயமாக இம்பாலாவுக்கு 2.5 லிட்டர், நியாலாவுக்கும் வார்ட்ஹாக்குக்கும் 3.5, குடுவுக்கும் வில்டபீஸ்ட்டுக்கும் 9, வரிக்குதிரைக்கு 12, எருமைக்கு 30க்கு மேல். 40 இம்பாலா, 25 நியாலா, 10 குடு, 15 வில்டபீஸ்ட், 10 வரிக்குதிரை, 20 வார்ட்ஹாக் உள்ள நிலத்துக்குக் கூட்டிப் பார்த்தால் சுமார் 600 லிட்டர். அதோடு வெயில் குடிப்பதையும் சேர்க்க வேண்டும். 5 மீட்டர் விட்டமுள்ள குட்டையின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர மீட்டர். சூடான நாளில் 6 மில்லி ஆவியானால் 120 லிட்டர் போய்விடும். ஆக 700 முதல் 800 லிட்டர். 5,000 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் பம்ப் நின்றுபோனாலும் ஆறு நாள் தாங்கும். வாரம் ஒருமுறை மட்டும் நிலத்துக்குப் போகிறவர்களுக்கு அந்த ஆறு நாள் முக்கியம். எருமை இருக்கும் நிலத்துக்கு இந்தக் கணக்கு போதாது. 20 எருமை இருந்தாலே இன்னொரு 600 லிட்டர் ஏறிவிடும், இரண்டாவது தொட்டி போடுங்கள்.

பம்ப்

செட்டிலேயே நன்றாகச் செய்த பொருள் இதுதான். நீர்மட்டம் 40 மீட்டரில், பம்ப் ஓடும்போது இன்னும் 8 மீட்டர் இறங்குகிறது, தொட்டியின் வாய்வரை 4 மீட்டர், குழாய் உராய்வுக்கு 3 மீட்டர் என்று வைத்தால் மொத்தம் 55 மீட்டர் தூக்கவேண்டும். 3,000 லிட்டரை 55 மீட்டர் தூக்க ஏட்டுக் கணக்கில் அரை யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம் போதும். நடைமுறையில் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேலே ஆகும். ஜூலுலாந்துக் குளிர்காலத்தில் வானம் தெளிந்திருப்பதால் இரண்டு பேனலே இதற்குத் தாராளம். பேனல்கள் வடக்கு பார்க்க வேண்டும். சென்னைக்காரர்களின் காணொளியைப் பார்த்துத் தெற்கே திருப்பி வைத்துவிடாதீர்கள். நமக்குத் தண்ணீர் தேவைப்படுவது குளிர்காலத்தில், அப்போது சூரியன் தாழ்ந்து போகும். ஆகவே சாய்வு 35 முதல் 40 பாகை வரை இருக்கட்டும்.

சுருள்தண்டு வகைப் பம்ப் குறைந்த வெயிலிலும் சொட்டுச் சொட்டாகவாவது ஏற்றும். சிறிய போர்ஹோலுக்கு அதுவே பொருத்தம். அதன் எமன் வறண்ட ஓட்டம். உள்ளே இரும்புத் தண்டு ரப்பர் உறைக்குள் சுழல்கிறது. தண்ணீர்தான் அதற்கு எண்ணெய். தண்ணீர் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே ரப்பர் கருகிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வறண்ட ஓட்டத் தடுப்பு இல்லாத பம்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். கிரண்ட்ஃபோஸ் எஸ்க்யூஃப்ளெக்ஸ் போன்றவற்றில் மோட்டார்க் கம்பியிலேயே நீர்மட்ட உணரி வருகிறது. 30 முதல் 300 வோல்ட் வரை நேர்மின்சாரத்திலும், 90 முதல் 240 வோல்ட் வரை ஜெனரேட்டர் மின்சாரத்திலும் அதே பம்ப் ஓடும் என்பது பெரிய வசதி. தொடர்ந்து மேகம் மூடினால் பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஜெனரேட்டரைக் கொண்டுபோய்த் தொட்டியை நிரப்பிவிடலாம். தொட்டி நிறைந்ததும் பம்பை நிறுத்தும் மட்டச் சுவிட்சும் சேர்த்து வாங்குங்கள். அது விடுபட்டால் நிலத்தடி நீர் நாள்முழுக்க வழிந்து வீணாகும்.

போர்ஹோலின் ஊற்றுத் திறனைச் சோதிக்காமல் பம்ப் வாங்குவது அளவு பார்க்காமல் செருப்பு வாங்குவது போல. தண்ணீரையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஜூலுலாந்துச் சமவெளியின் அடியில் பழைய கடல் படிவுப் பாறை இருப்பதால் பல போர்ஹோல்களில் உப்பு அதிகம். கரைந்த உப்பு லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. அதைத் தாண்டினால், நல்ல தண்ணீர் வேறெங்காவது கிடைத்துக்கொண்டிருக்கும்வரை விலங்கு உங்கள் குட்டையைச் சீண்டாது. ஆவியாக ஆவியாகக் குட்டையில் உப்பு இன்னும் கூடும்.

திருட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பேனல்களை 3 மீட்டருக்கு மேல் உயரமான இரும்புக் கம்பத்தில் ஏற்றி, போல்ட் தலைகளை வெல்டு வைத்துவிடுங்கள். செம்புக் கம்பியை இரும்புக் குழாய்க்குள் இழுத்துப் புதையுங்கள். இடி மின்னல் அதிகமுள்ள மாகாணம் இது. நிலத்தொடர்புக் கம்பியும் மின்னெழுச்சித் (surge) தடுப்பானும் இல்லாமல் கட்டுப்பாட்டுப் பெட்டியை மாட்டவே கூடாது. காற்றாலைப் பம்ப் நல்ல மேய்ச்சல் வெளிகளுக்கு இன்றும் ஏற்றதுதான். மரம் அடர்ந்த முட்காட்டில் காற்று போதாது, தோல் வாஷரை மாற்ற முழுக் கம்பியையும் உருவவேண்டும். நமக்கு சோலாரே மேல்.

தொட்டியும் குழாயும்

ஜோஜோ என்ற பெயரே இந்த நாட்டில் தொட்டிக்கு மறுபெயர் ஆகிவிட்டது. எந்தக் கம்பெனித் தொட்டியானாலும் உட்புறம் கறுப்பு அடுக்கு இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள். வெளிச்சம் ஊடுருவும் தொட்டியில் பாசி பிடிக்கும், அந்தப் பாசி நேராக வால்வில் போய் அடைக்கும். நிறைந்த தொட்டி 5 டன் எடை. 100 மில்லி கனத்தில் மட்டமான கான்கிரீட் மேடை போடுங்கள். மேடை தொட்டியைவிட எல்லாப் பக்கமும் ஒரு சாண் அகலமாக இருக்கட்டும். இரும்புத் தாங்கியில் பலகை இடைவெளியோடு வைத்தால் அடிப்பாகம் தொய்ந்து விரிசல் விடும்.

குழாயை 600 மில்லி ஆழத்தில் புதையுங்கள். மேலாகப் போட்டால் முள்ளம்பன்றி கடிக்கும், கழுதைப்புலி கடிக்கும், வார்ட்ஹாக் மூக்கால் கிளறி எடுக்கும், வெயில் மீதியைப் பார்த்துக்கொள்ளும். தொட்டியிலிருந்து குட்டைவரை ஒரே சரிவாக இறங்க வேண்டும். நடுவில் மேடு வந்தால் அங்கே காற்று தங்கி, தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குட்டைக்கு ஒரு சொட்டு வராது. மேட்டைத் தவிர்க்க முடியாவிட்டால் அதன் உச்சியில் 'T' வடிவ இணைப்புப் போட்டு ஒரு சின்னக் குழாய்த் தலை வையுங்கள். திறந்து காற்றை விட்டால் சரியாகிவிடும். தொட்டியை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு கேட் வால்வு கட்டாயம். அதன் அவசியத்தைப் பின்னால் சொல்கிறோம்.

வால்வு: செட்டின் ஓட்டை

தொட்டி 2 மீட்டர் தாங்கியில் நின்றாலும் குட்டையில் கிடைக்கும் அழுத்தம் 0.2 முதல் 0.4 பார்தான். செட்டோடு வரும் மிதவை வால்வு பெரும்பாலும் வீட்டுக் கழிப்பறைத் தொட்டிக்கான வகை. நகராட்சிக் குழாயின் அழுத்தத்துக்குச் செய்தது, உள்ளே துளை 3 மில்லி. இந்த அழுத்தத்தில் அந்தத் துளை வழியே நிமிடத்துக்கு 2 லிட்டர் வருவதே அதிகம். 300 லிட்டர் குழுதாடியை ஒரு வில்டபீஸ்ட் கூட்டமும் வரிக்குதிரைகளும் சேர்ந்து காலி செய்தால் மறுபடி நிறைய இரண்டரை மணி நேரம் ஆகும். அதற்குள் பின்னால் வந்த விலங்கு காலித் தொட்டியை உதைக்கும், வால்வை மோந்து முட்டும், கைப்பிடி வளையும். அப்புறம் எல்லாத் தண்ணீரும் தரையில்.

குறைந்த அழுத்தத்துக்கான, 12 மில்லிக்குக் குறையாத துளையுள்ள பித்தளை வால்வைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அழுத்தம் குறைவு என்பதால் பெரிய துளையையும் மிதவை எளிதாக மூடிவிடும்.

வால்வைக் கழற்றி உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் வாஷரை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நல்ல வாஷரில் வட்டமான ஒரே தழும்பு இருக்கும், வளையல் பதிந்த மாதிரி. கசியும் வால்வின் வாஷரில் அந்த வட்டத்தை ஒரு சின்னக் கீறல் குறுக்கே வெட்டியிருக்கும். போர்ஹோலிலிருந்து வந்த ஒரே ஒரு மணல் துகள் செய்த வேலை அது. அந்தக் கீறல் வழியே பென்சில் நுனி அளவுக்கு ஒழுகினால் நிமிடத்துக்கு அரை லிட்டர், நாளைக்கு 720 லிட்டர். உங்கள் எல்லா விலங்கும் சேர்ந்து குடிப்பதைவிட அதிகம். ஒரு வாரத்தில் தொட்டி காலி. நீங்கள் பம்பைச் சந்தேகப்பட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். வால்வுக்கு முன்னால் ஒரு வலை வடிகட்டி போட்டால் இந்தத் தலைவலி பாதிக்கு மேல் குறையும்.

வால்வை ஒருபோதும் குட்டைக்குள்ளேயே வைக்காதீர்கள். பபூன் குரங்கு மிதவையைப் பிய்த்து எறியும்; அதற்கு அது விளையாட்டுப் பந்து. குட்டைக்கு 3 மீட்டர் தள்ளி, உள்ளளவு 600 மில்லிச் சதுரத்தில் ஒரு பெட்டி கட்டுங்கள். பெட்டியின் அடியிலிருந்து 110 மில்லிக் கழிவுக் குழாய் ஒன்றைக் குட்டையின் அடிப்பக்கம் கொண்டுபோங்கள். நீர்மட்டம் இரண்டிலும் ஒன்றாகவே நிற்கும், மிதவை பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். 50 மில்லிக் குழாய் போதுமே என்று தோன்றும். போடாதீர்கள், பாசியும் சேறும் அடைத்தால் குத்தி எடுக்க வழியிருக்காது. பெட்டியின் மூடி இருவர் சேர்ந்து தூக்கும் கனத்தில் கான்கிரீட்டாக இருக்கட்டும். கைப்பிடி வளையத்தை உள்ளடக்கிப் பதியுங்கள், துருத்திக்கொண்டிருந்தால் அதையும் பபூன் பிடித்து இழுக்கும்.

குழுதாடி வேண்டாம், குட்டை கட்டுங்கள்

வார்ப்புக் குழுதாடியின் விளிம்பு தரையிலிருந்து 400 முதல் 600 மில்லி உயரம். எருமைக்கும் வரிக்குதிரைக்கும் சரி. டைக்கர், வார்ட்ஹாக் குட்டி, கினிக்கோழி, ஆமை இவற்றுக்கு அது மதில்சுவர். செங்குத்தான உள்சுவர் என்பதால் தவறி விழுந்தது ஏற முடியாமல் மூழ்கிச் சாகும். பெரிய பண்ணைத் தொட்டிகளில் கழுகுகள்கூட இப்படி மூழ்கியிருக்கின்றன. ஏற்கெனவே குழுதாடி வாங்கிவிட்டவர்கள் விளிம்பு 200 மில்லி மட்டும் தெரியும்படி புதைத்து, ஒரு முனையில் கற்களைச் சரிவாக அடுக்கி உள்ளே இறங்கும் படி அமைத்தால் ஓரளவு பயன்படும்.

நாங்கள் பரிந்துரைப்பது தட்டு மாதிரி ஆழமற்ற கான்கிரீட் குட்டை. 5 மீட்டர் விட்டம், நடுவில் 350 மில்லி ஆழம். ஓரத்திலிருந்து நடுவுக்கு ஏழுக்கு ஒன்று சரிவு. ஆமை நடந்து இறங்கி நடந்து ஏறும். கொள்ளளவு 2,000க்கும் 3,000 லிட்டருக்கும் இடையில்.

கட்டும் முறை இது. நடுவில் முளையடித்து 2.5 மீட்டர் கயிற்றால் வட்டம் போட்டு, கான்கிரீட் கனத்தையும் சேர்த்துத் தோண்டுங்கள். கறுப்புக் களிமண்ணாக இருந்தால் இன்னும் 300 மில்லி தோண்டி எடுத்துவிட்டுச் சரளை கொட்டி இடித்து இறுக்க வேண்டும். அந்த மண் மழையில் ஊதி வெயிலில் சுருங்கும். மேலே இருக்கும் கான்கிரீட்டை அப்பளம் மாதிரி உடைத்துவிடும். ஓரத்தைச் சுற்றி 200 மில்லி ஆழத்துக்குக் கான்கிரீட் கனமாக இருக்கட்டும், குளம்பு அடிக்கும் இடம் அது. 193 எண் இரும்பு வலையை விரித்து, அடியில் 40 மில்லிக் கல் துண்டுகள் வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். தரையில் கிடக்கும் வலை வெறும் செலவு. ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஒன்றரைத் தள்ளுவண்டி மணல், ஒன்றரைத் தள்ளுவண்டி 19 மில்லி ஜல்லி. 100 மில்லிக் கனத்துக்கு மொத்தம் 2.3 கன மீட்டர் கான்கிரீட் வரும். 50 கிலோ மூட்டை 17 வாங்கி வையுங்கள். தண்ணீரைக் கண்டபடி ஊற்றிக் கலக்காதீர்கள், சரிவில் வழிந்துபோகும் கலவை பிற்பாடு ஒழுகும். ஒரே நாளில் முடித்துவிட வேண்டும். பாதியை இன்று பாதியை நாளை என்று போட்டால் இணைப்பில் கசியும். மேற்பரப்பைக் கரணையால் மழமழவென்று இழைக்காமல், ஈரம் இறுகும்போது துடைப்பத்தால் ஓரத்திலிருந்து குறுக்காகக் கீறிவிடுங்கள். பாசி பிடித்த வழவழப்பில் இம்பாலாவின் குளம்பு வழுக்கினால் கால் ஒடியும். ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு மூடி நனைத்துக்கொண்டே இருங்கள். ஜூலுலாந்து வெயிலில் இதைச் செய்யாத குட்டை எல்லாம் முதல் மாதமே மயிரிழை விரிசல் காட்டும்.

நடுவில் 50 மில்லி வடிகுழாய் ஒன்றைப் பதித்து, வெளியே சரிவில் கேட் வால்வோடு முடியுங்கள். இல்லாவிட்டால் கழுவுகிற நாளில் வாளியால் இறைக்கவேண்டும். வெளிப்புறம் 2 மீட்டர் அகலத்துக்குச் சுற்றிலும் கல்லும் சரளையும் பரப்புங்கள். ஈர மண்ணை ஆயிரம் குளம்புகள் மிதித்தால் ஒரு பருவத்தில் ஓரம் அரித்து, கான்கிரீட்டின் அடி தெரிய ஆரம்பித்துவிடும்.

நல்ல குட்டையின் ஓரத்தில் காலை எட்டு மணிக்குக் குனிந்து பாருங்கள். தண்ணீர் தொட்டு நிற்கும் இடத்தில் விரல் அகலத்துக்குக் கான்கிரீட் நனைந்து கறுத்திருக்கும். அந்தக் கறுப்புக் கோட்டின் மேல் வரிசையாகத் தேனீக்கள் குந்தி உறிஞ்சிக்கொண்டிருக்கும். அதற்கு வெளியே சரளையின் நடுவே சேர்ந்த புழுதியில் இம்பாலாவின் பிளந்த குளம்படி, ஆமை இழுத்த வால் தடம். செங்குத்துச் சுவரில் தேனீ மிதந்து சாகும், இங்கே நின்று குடிக்கிறது.

வழியும் தண்ணீரை வீணாக்க வேண்டாம். நம் ஊர்க் குளத்துக்குக் கலிங்கு வைத்த மாதிரி, ஓரத்தில் ஒரு தாழ்ந்த இடம் விட்டு 10 மீட்டர் தள்ளிக் களிமண் பள்ளத்துக்குக் கொண்டுபோங்கள். வார்ட்ஹாக்கும் எருமையும் அங்கே சேற்றில் புரளும், குடிதண்ணீரைக் கலக்காது. பக்கத்தில் கெட்டி மரக்கட்டை ஒன்றை ஒரு மீட்டர் புதைத்து, ஒரு மீட்டர் வெளியே நிற்கும்படி நடுங்கள். சேறு காய்ந்ததும் உண்ணியோடு சேர்த்து உரசித் தள்ள அவற்றுக்கு அது வேண்டும். முப்பத்திரண்டு அறங்களில், மாடு உடம்பை உரசிக்கொள்ள நடும் ஆவுரிஞ்சு தறியும் ஒன்று என்று எண்ணிய மரபு நம்முடையது. மாட்டுக்குச் செய்ததைக் காட்டு விலங்குக்கும் செய்கிறோம், அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் விரிப்புக் குட்டைகளையும் இப்போது விற்கிறார்கள். மேலே 200 மில்லியாவது மண் மூடாவிட்டால் குளம்பு குத்திக் கிழிக்கும். மண் மூடினால் வார்ட்ஹாக் கிளறும். வேலிபோட்டுத் தண்ணீர் சேமிக்கும் குளத்துக்கு மட்டும் சரி. பென்டொனைட் களிமண்ணைச் சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோ அளவில் மேல்மண்ணோடு கலந்து இறுக்குவது வண்டல் நிலத்தில் நன்றாக நிற்கும், பார்க்கவும் இயற்கையாக இருக்கும். ஆனால் ஒருமுறை முழுக்க வற்றினால் வெடித்துவிடும், மறுபடி அடைப்பது உறுதியில்லை. வாரக்கடைசி விவசாயிக்கு அது வேண்டாம்.

எங்கே வைப்பது, எப்போது மூடுவது

எல்லை வேலிக்கு அருகே வைக்காதீர்கள். கண்ணி வைக்கிறவனுக்கும் சாலையிலிருந்து சுடுகிறவனுக்கும் வசதி செய்து கொடுத்ததாகும். அரை கிலோமீட்டராவது உள்ளே வாருங்கள். ஒரு பக்கம் 50 மீட்டருக்கு வெட்டவெளி வேண்டும், இம்பாலாவும் வரிக்குதிரையும் பார்வை மறைந்த இடத்தில் குனியாது. மறுபக்கம் புதர் அப்படியே இருக்கட்டும், நியாலா நிழலை விட்டு வெகுதூரம் வராது. மழையில் கரைந்து ஓடும் சோடிய மண்ணில் வைத்தால் இரண்டு வருடத்தில் குட்டையைச் சுற்றி ஓடை அரித்துவிடும். உப்புக்கட்டியைக் குட்டையோரம் வைக்கும் வழக்கமும் தவறு. 300 மீட்டராவது தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் மிதி விழுந்து புல் வேரோடு போகும்.

ஒன்று நன்றாக வேலை செய்ததும் நான்கு கட்டவேண்டும் என்ற ஆசை வரும். அங்கேதான் கைகளைக் கட்டிக்கொள்ள வேண்டும். க்ருகர் பூங்காவில் 1930களிலிருந்து போர்ஹோல்களும் காற்றாலைகளும் போட்டுக்கொண்டே போனார்கள். வறண்ட வடபகுதிக்கும் தண்ணீர் போனதும் வரிக்குதிரையும் வில்டபீஸ்ட்டும் அங்கே குடியேறின. பின்னாலேயே சிங்கம் போனது. அங்கே பிழைத்திருந்த அரிய ரோன் மான் 1986ல் சுமார் 450 இருந்தது, 1993ல் 45 அளவுக்குச் சரிந்தது. பிறகு பல தண்ணீர் நிலைகளைப் பூங்காவே மூடியது. க்ருகரை ஒட்டிய க்லாஸெரி காப்பகத்தில் தண்ணீர் நிலைகள் நெருக்கமாக இருந்தன. 1982-83 வறட்சியில் அங்கே விலங்குகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தாகத்தால் அல்ல, பசியால். எங்கு பார்த்தாலும் தண்ணீர் இருந்ததால் எங்கு பார்த்தாலும் மேய்ந்து தீர்த்திருந்தன, வறட்சிக்கென்று ஒதுங்கிக் கிடந்த புல்வெளி எதுவும் மிச்சமில்லை. அதனால்தான் தொட்டி வாயில் கேட் வால்வு கட்டாயம் என்றோம். இரண்டு குட்டை இருந்தால் ஒன்றைத் திறந்து மற்றதை மூடி, புல்லுக்கு ஓய்வு கொடுத்து மாற்றுங்கள். மழை வந்ததும் இரண்டையும் மூடிவிடலாம்.

குவாசுலு-நட்டாலில் 2021 முதல் கோமாரி நோய் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. மாடும் காட்டு விலங்கும் ஒரே குட்டையில் வாய் வைக்க விடாதீர்கள். மாட்டுக்குத் தனிக் குழுதாடி போடுங்கள். அந்த வார்ப்புத் தொட்டிக்கு உரிய இடம் அதுதான்.

குட்டையருகே சுடவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அறம் ஒருபக்கம் இருக்கட்டும், வேட்டைக்கும் அது நட்டம். இரண்டு தடவை வெடிச்சத்தம் கேட்டால் கூட்டம் முழுவதும் இரவில் மட்டும் குடிக்கப் பழகிவிடும். தடங்களைப் பார்த்து, வரும் போகும் பாதையில் சில நூறு மீட்டர் தள்ளி, காற்றுக்கு எதிராக இடம் தேர்ந்தெடுங்கள். குட்டையில் ஒரு கேமராவை மட்டும் கட்டுங்கள். எத்தனை ஆண், எத்தனை வயது என்று கணக்கெடுக்க அதைவிட நல்ல வழியில்லை.

சட்டப்படி, நிலத்தின் மேய்ச்சல் திறனுக்கு உட்பட்ட விலங்குகளுக்கு அளவாகத் தண்ணீர் எடுப்பதை 1998ஆம் ஆண்டுத் தேசிய நீர்ச் சட்டத்தின் முதல் அட்டவணை உரிமம் இல்லாமலே அனுமதிக்கிறது. ஓடையை மறித்து அணை கட்டுவது அதில் சேராது, அதற்கு முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும்.

பராமரிப்பு அதிகமில்லை. வாரம் ஒருமுறை தொட்டியின் மட்டத்தையும் பெட்டிக்குள் மிதவையையும் பாருங்கள். மாதம் ஒருமுறை வடிகுழாயைத் திறந்து முழுக்கக் காலி செய்து, கெட்டித் துடைப்பத்தால் பாசியைத் தேயுங்கள். சோப்பும் குளோரினும் வேண்டாம். தண்ணீர் பச்சைப் பெயின்ட் ஊற்றிய மாதிரி மேலே படலம் கட்டினால் அன்றைக்கே கொட்டிவிட வேண்டும், அந்த வகை நீலப்பச்சைப் பாசி விலங்கைக் கொல்லும். பேனலில் பறவை எச்சத்தைத் துடைப்பது இரண்டு நிமிட வேலை. பக்கியில் எப்போதும் இருக்க வேண்டியவை: வால்வு வாஷர் ஆறு, உதிரி மிதவை ஒன்று, 32 மில்லி இணைப்பு நான்கு, குழாய் ஐந்து மீட்டர், பெட்டி மூடியைத் தூக்க ஒரு கடப்பாரை.